ஒரே வீட்டில் இரண்டு வலிகள்: அம்மாவுக்கு எட்டாத மருந்து, மகனுக்கு மிஞ்சிய ஊசி

நாமக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். பெயர், ஊர் முதலிய அடையாளங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருக்கு வயது 41. பத்தொன்பது வயதிலிருந்து விசைத்தறிக் கூடத்தில் வேலை; ஒரு ஷிப்ட் பன்னிரண்டு மணி நேரம். அம்மாவுக்கு 63 வயது. மூன்று ஆண்டுகளுக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும், அதைத் தொடர்ந்து கீமோவும் கதிர்வீச்சும் ஓர் அரசு மருத்துவமனையில் நடந்து முடிந்தன. எட்டு மாதங்களுக்கு முன் எடுத்த ஸ்கேனில், நோய் முதுகெலும்புக்கும் வலது இடுப்பெலும்புக்கும் பரவியிருப்பது தெரிந்தது. அன்றிலிருந்து காலையும் மாலையும் டைக்ளோஃபெனாக், இரவு எட்டு மணிக்கு டிராமடால் 50 மில்லிகிராம் ஒரு மாத்திரை. "இரண்டு மணிக்கெல்லாம் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். விடியும் வரை சுவரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார்" என்று எழுதியிருக்கிறார். உள்ளூர் மருத்துவரோ, இதற்கு மேல் மார்ஃபின்தான், அது தன்னிடம் கிடையாது, கிடைத்தாலும் கடைசிக் கட்டத்தில்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். "அது கஞ்சா, அபின் மாதிரி, வீட்டில் வைத்திருந்தால் போலீஸ் வரும்" என்று தாய்மாமா பயமுறுத்தியிருக்கிறார்.

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில்தான் தன் வலியைப் பற்றி எழுதுகிறார், அதுவும் மன்னிப்புக் கேட்கும் தொனியில். ஆறு ஆண்டுகளாக இடுப்புவலி. சில நாட்களில் வலது தொடை வரை இழுக்கும். முழங்காலுக்குக் கீழே போவதில்லை, மரத்துப்போவதும் இல்லை. மாதம் இரண்டு முறை ஊரில் ஒருவரிடம் ஊசி போட்டுக்கொள்கிறார். கூடவே காகிதத்தில் மடித்துத் தரும் பெயர் தெரியாத மாத்திரைகள். ஸ்கேனில் 'டிஸ்க் விலகியிருக்கிறது' என்று வந்ததால், ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்கு 2 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் கேட்டிருக்கிறார்கள். அம்மாவின் நகையை விற்று அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா, அம்மாவுக்கு மார்ஃபின் கொடுத்தால் அடிமையாகிவிடுவாரா, ஆயுள் குறைந்துவிடுமா, சட்டச் சிக்கல் வருமா என்பவை அவருடைய கேள்விகள். கடைசி வரி இது: "பொறுத்துக்கொள்வதைத் தவிர எங்களைப் போன்றவர்களுக்கு வேறு வழி உண்டா?"

அன்புள்ள வாசகருக்கு,

உண்டு. உங்கள் அம்மாவுக்கும் உண்டு, உங்களுக்கும் உண்டு. ஆனால் இருவருக்கும் ஒரே வழி இல்லை. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் வீட்டில் மருந்து இடம் மாறியிருக்கிறது என்றே எனக்குத் தோன்றியது. வலுவான மருந்து உடனடியாகத் தேவைப்படுகிற அம்மாவுக்குப் போதாத மாத்திரை. மருந்தைக் குறைத்து உடலை அசைக்க வேண்டிய உங்களுக்கு மாதம் இரண்டு ஊசி. இது உங்கள் குடும்பத்தின் தவறு என்று நினைத்துவிடாதீர்கள். வளரும் நாடுகள் பலவற்றில் நாள்பட்ட வலிக்கான சிகிச்சை இப்படித்தான் தலைகீழாகக் கிடக்கிறது. உங்கள் வீட்டில் அது ஒரே கூரையின்கீழ் தெரிகிறது, அவ்வளவுதான்.

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை மருத்துவர்களாகிய நாங்கள் நாள்பட்ட வலி என்கிறோம். அது வேறொரு நோயின் நிழல் என்று மட்டுமே நீண்டகாலம் கருதப்பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோதுதான் நாள்பட்ட வலிக்குத் தனி இடம் கிடைத்தது. அந்த வகைப்பாட்டில் புற்றுநோய் வலி ஒரு பிரிவிலும், உங்களுடையதைப் போன்ற நாள்பட்ட முதுகுவலி இன்னொரு பிரிவிலும் வருகின்றன. அம்மாவின் எலும்புக்குள் இன்றும் திசு சிதைந்துகொண்டிருக்கிறது. அங்கிருந்து புறப்படும் வலிச் செய்தி உண்மையான, தொடர்ந்து புதுப்பிக்கப்படும் செய்தி. உங்கள் இடுப்பிலோ முதலில் ஏற்பட்ட காயம் எப்போதோ ஆறியிருக்கலாம். ஆறு ஆண்டுகளில் நரம்பு மண்டலம் வலியைப் பழகிக்கொண்டு, சிறு அசைவையும் ஆபத்தென்று அறிவிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. வலி பொய் என்று இதற்குப் பொருள் இல்லை. சிகிச்சை வேறு என்றுதான் பொருள்.

அம்மாவின் இரவு இரண்டு மணி

டிராமடால் சாதாரண மாத்திரையின் பலன் ஏறத்தாழ ஆறு மணி நேரம். எட்டு மணிக்குக் கொடுத்தால் இரண்டு மணிக்கு அது தீர்ந்துவிடுகிறது. உங்கள் அம்மா கடிகாரம் பார்த்து எழுந்திருக்கவில்லை. மாத்திரை கணக்காக வேலை செய்துவிட்டு நின்றுவிடுகிறது. எலும்புக்குப் பரவிய புற்றுநோயின் வலிக்கு ஒரு நாளில் ஒரு டிராமடால் என்பது, எரிகிற கூரைக்கு ஒரு சொம்புத் தண்ணீர்.

மார்ஃபின் கடைசிக் கட்டத்து மருந்து என்ற எண்ணம் மக்களிடம் மட்டும் இல்லை, மருத்துவர்களிடமும் இருக்கிறது. எங்களில் பலர் ஒரு மார்ஃபின் சீட்டுக்கூட எழுதிப் பழகாமலேயே பட்டம் வாங்கினோம். நானும் அப்படித்தான்; என் முதல் சீட்டை எழுதும்போது கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 1986-இல் புற்றுநோய் வலிக்கு மூன்று படிகள் கொண்ட ஓர் ஏணியை வகுத்தது: முதலில் பாராசிட்டமால் போன்றவை, பிறகு வலுக் குறைந்த ஓபியாய்டுகள் (அபினிலிருந்து வந்த, அல்லது அதைப் போலச் செயல்படும் வலி மருந்துகள்), பிறகு மார்ஃபின். அதே நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ஏணியை ஒவ்வொரு படியாக ஏறியே தீர வேண்டிய கட்டாயம் இல்லை. வலி கடுமையாக இருந்தால் தொடக்கத்திலேயே மார்ஃபின் கொடுக்கலாம். எத்தனை நாள் உயிரோடு இருப்பார் என்பதைப் பார்த்து மார்ஃபின் தொடங்குவதில்லை. எவ்வளவு வலிக்கிறது என்பதைப் பார்த்தே தொடங்குகிறோம். மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கிலும், மார்ஃபின் எடுத்துக்கொண்டே சமைத்து, பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி வாழ்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அடிமையாகிவிடுவாரா என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கே இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. சில வாரங்கள் மார்ஃபின் எடுத்த எவருடைய உடலும் அதற்குப் பழகிவிடும். திடீரென்று நிறுத்தினால் வியர்வை, வயிற்றுப்போக்கு, படபடப்பு வரும். அதனால்தான் நிறுத்த நேர்ந்தால் படிப்படியாகக் குறைக்கிறோம். அடிமைத்தனம் என்பது வேறு: தீங்கென்று தெரிந்தும் மருந்தைத் தேடி அலைவது, வலிக்காக அல்லாமல் மயக்கத்துக்காக விழுங்குவது. புற்றுநோய் வலிக்காக மருத்துவர் மேற்பார்வையில் வாய்வழியாக மார்ஃபின் எடுக்கும் முதியவர்களிடம் அதை அரிதாகவே காண்கிறோம். முன்பு மதுவுக்கோ வேறு போதைக்கோ அடிமையாக இருந்தவர்களிடம் கூடுதல் கவனம் தேவை. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

ஆயுள் குறையுமா என்ற கேள்விக்கு: குறைந்த அளவில் தொடங்கி, வலியைப் பார்த்து மெல்ல உயர்த்தப்படும் வாய்வழி மார்ஃபின் ஆயுளைக் குறைப்பதாகச் சான்று இல்லை. அளவு மீறினால் மூச்சு மந்தப்படும் என்பது உண்மை. அதற்கு முன்னால் மிகுந்த தூக்கக் கலக்கம் தெரியும். எழுப்பினாலும் எழாத அளவுக்கு உறக்கம் வந்தால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும்.

வழக்கமாக 5 அல்லது 10 மில்லிகிராமில் தொடங்கி நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுப்போம். இரவில் எழுப்ப வேண்டாம் என்பதற்காகப் படுக்கும்போது இரண்டு வேளை அளவை ஒன்றாகக் கொடுப்பதும் உண்டு. இடையில் வலி வெடித்துக் கிளம்பினால் கொடுக்கக் கூடுதலாக ஒரு வேளை அளவு எழுதித் தருவோம். வலி வந்த பிறகு கொடுப்பது என்ற வழக்கத்தை விட்டுவிட வேண்டும்; கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்கும் மருந்து இது. முதல் இரண்டு மூன்று நாட்களில் தூக்கமும் குமட்டலும் இருக்கும், பிறகு தணியும். தணியாதது மலச்சிக்கல் ஒன்றுதான். ஆகவே மார்ஃபின் எழுதும் சீட்டிலேயே மலமிளக்கியும் இருக்க வேண்டும். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். மலச்சிக்கல் தாங்காமல் நோயாளியே மார்ஃபினை நிறுத்திவிட்ட குடும்பங்கள் எனக்குத் தெரியும்.

ஒரு முன்னெச்சரிக்கை. எட்டு மாதம் விடாமல் டைக்ளோஃபெனாக் எடுத்திருக்கிறார். அது சிறுநீரகத்தைப் பாதித்திருக்கலாம். சிறுநீரகம் பழுதானவர்களின் உடலில் மார்ஃபினின் கழிவுகள் வெளியேறாமல் தேங்கும். மார்ஃபின் தொடங்கும் முன் கிரியாட்டினின் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். அதன் முடிவைப் பொறுத்து மருத்துவர் அளவைக் குறைக்கலாம், இடைவெளியைக் கூட்டலாம் அல்லது வேறு மருந்துக்கு மாறலாம்.

மாத்திரையோடு இன்னொன்றையும் கேளுங்கள். எலும்புக்குப் பரவிய நோயின் வலிக்கு ஒரே ஒரு அமர்வில் தரப்படும் கதிர்வீச்சு, அதாவது 8 கிரே அளவில் ஒருமுறை, சிக்கல் ஏதும் இல்லாத எலும்பு வலியில் பல நாட்கள் பிரித்துக் கொடுப்பதற்கு இணையாகவே வலியைக் குறைக்கிறது. பல மாதங்களுக்குப் பிறகு சிலருக்கு மறுபடி கொடுக்க நேரிடலாம். தினமும் இரண்டு மணி நேரம் பேருந்தில் போய்வர முடியாத நோயாளிக்கு இது பெரிய ஆறுதல். இதைக் கேட்க நோயாளிகளுக்குத் தோன்றுவதில்லை, நெரிசலில் மருத்துவர்களும் சில நேரம் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். புற்றுநோய்ப் பிரிவுக்குப் போகும்போது 'ஒரே நாளில் கொடுக்கும் கதிர்வீச்சு அம்மாவுக்குப் பொருந்துமா?' என்று நேராகவே கேளுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. நோய் முதுகெலும்பில் இருப்பதால், திடீரென்று கால்களில் பலம் குறைந்தாலோ, இடுப்புக்குக் கீழே மரத்தாலோ, சிறுநீர் அடைபட்டாலோ, சிறுநீர் தன்னையறியாமல் வெளியேறினாலோ, தண்டுவடம் அழுத்தப்படுகிறது என்று பொருள். அன்றே, இரவானாலும், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுசெல்லுங்கள். நடக்க முடியும்போதே சிகிச்சை தொடங்கினால்தான் நடையைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம்.

தாய்மாமாவின் பயம் எங்கிருந்து வந்தது?

அவரைக் குறை சொல்ல முடியாது. 1985-இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம், அதாவது என்டிபிஎஸ் சட்டம், மருத்துவ, அறிவியல் பயன்பாட்டுக்கு மார்ஃபினைத் தடை செய்யவில்லை; அதன் 8-ஆம் பிரிவே அந்த விலக்கைச் சொல்கிறது. ஆனால் தண்டனைகள் மிகக் கடுமையாக இருந்தன. ஒரு மருத்துவமனை மார்ஃபின் வாங்கப் பல உரிமங்கள் தேவைப்பட்டன. ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்றின் காலம் முடிந்துவிடும். கணக்கில் சிறு பிழை நேர்ந்தாலும் சிறைக்குப் போக வேண்டியிருக்கும் என்ற அச்சத்தில் மருந்துக்கடைகளும் மருத்துவமனைகளும் மார்ஃபின் வைப்பதையே நிறுத்தின. 1997-இல் இந்தியா முழுவதும் பயன்பட்ட மார்ஃபின் வெறும் 18 கிலோ. இத்தனைக்கும் மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்தோடு அபின் பயிரிடப்படுகிறது. காசிப்பூரிலும் நீமச்சிலும் அரசின் அபின் ஆலைகளே இருக்கின்றன. மருந்துக்கான மூலப்பொருளை உலகுக்கு விற்ற நாட்டில் நோயாளிக்கு மாத்திரை இல்லை.

2014-இல் நாடாளுமன்றம் இந்தச் சட்டத்தைத் திருத்தியது. மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், ஆக்ஸிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறும் இன்றியமையாத போதை மருந்துகள் என்று அறிவிக்கப்பட்டன. பல உரிமங்களுக்குப் பதிலாக, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் ஒரே அங்கீகாரம் பெற்றால் ஒரு மருத்துவமனை இவற்றை வாங்கி நோயாளிகளுக்குத் தரலாம். ஆகவே, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையின் சீட்டோடு உங்கள் வீட்டில் இருக்கும் மார்ஃபின் மாத்திரை சட்டப்படியானது. சீட்டின் நகலை மாத்திரைகளோடு வைத்திருங்கள், வெளியூர் போகும்போது இரண்டையும் சேர்த்தே எடுத்துச்செல்லுங்கள். அம்மாவுக்கு எழுதியதை வேறு யாருக்கும், எவ்வளவு வலித்தாலும் உங்களுக்கும், கொடுக்கக் கூடாது. அதுதான் குற்றமாகவும் ஆபத்தாகவும் முடியும். வீட்டில் 9, 12 வயதுப் பிள்ளைகள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பீரோவில் பூட்டி வையுங்கள். மீதமாகும் மாத்திரைகளை எண்ணி மருத்துவமனையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

சட்டம் மாறினாலும் பழக்கம் மாறுவதற்கு நாளாகிறது. லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2017-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் ஓராண்டில் விநியோகமான மார்ஃபின் வகை மருந்துகள், மார்ஃபின் அளவில் கணக்கிட்டால், 298.5 டன், அதில் மிக வறிய நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது 0.1 டன். வலி நிவாரணத் தேவையில் இந்தியா ஈடுசெய்தது 4 சதவீதம். நம்மைவிட ஏழை நாடான உகாண்டா ஈடுசெய்தது 11 சதவீதம். அங்கே 1993-இல் ஆன் மெரிமன் என்ற ஆங்கிலேய மருத்துவர் தொடங்கிய நோயாளிகள் பராமரிப்பு இல்லத்தில் மார்ஃபின் பொடியைத் தண்ணீரில் கலந்து, அடர்த்திக்கேற்ப வெவ்வேறு நிறச் சாயம் சேர்த்து, சாதாரண பிளாஸ்டிக் குப்பிகளில் ஊற்றிக் கொடுத்தார்கள். மருத்துவர்கள் எண்ணிக்கை போதாத நாடு என்பதால், தனிப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் மார்ஃபின் எழுதித் தரலாம் என்று 2004-இல் சட்டம் செய்தார்கள். மலிவான ஒரு மருந்தை நோயாளியிடம் கொண்டுசேர்ப்பதற்குப் பணத்தைவிட அதிகமாகத் தேவைப்பட்டது தயக்கத்தை விடுவது. நமக்குப் பக்கத்திலேயே, கோழிக்கோட்டில், அதே 1993-இல் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் ஒரு வலி நிவாரண அமைப்பைத் தொடங்கினார்கள். உள்ளூர்த் தொண்டர்களே வீடு வீடாகப் போகும் இயக்கமாக அது கேரளமெங்கும் பரவியது. 2008-இல் மாநில அரசு இதற்கென்றே ஒரு கொள்கையை அறிவித்து ஊராட்சிகளிடம் பொறுப்பைக் கொடுத்தது. தமிழ்நாட்டில் நாம் அந்த வேகத்தில் போகவில்லை. ஆனால் ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது.

எங்கே போய்க் கேட்பது?

முதலில், அம்மாவுக்கு அறுவை சிகிச்சை செய்த மருத்துவமனைக்கே திரும்பிப் போங்கள். 'நோய் பரவிவிட்டது, இனி அங்கே போய் என்ன?' என்று எழுதியிருக்கிறீர்கள். நோயைக் குணப்படுத்த முடியாத நிலையிலும் வலிக்குச் சிகிச்சை தருவது அவர்களுடைய வேலைதான். ஓ.பி. சீட்டு வாங்கும்போதே வலி நிவாரணப் பிரிவு எந்த நாளில், எந்த அறையில் என்று கேளுங்கள். அந்தப் பெயரில் பிரிவு இல்லாத இடத்தில் மயக்கவியல் துறையோ புற்றுநோய்த் துறையோ அதைப் பார்த்துக்கொள்ளும். மார்ஃபின் தருவதற்கான அங்கீகாரம் அந்த மருத்துவமனைக்கு இருக்கிறதா, மாத்திரை இருப்பில் இருக்கிறதா என்று கேட்க உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. இல்லையென்றால், எந்த மருத்துவமனையில் கிடைக்கும் என்று பரிந்துரைக் கடிதம் எழுதி வாங்குங்கள்.

அம்மாவை ஒவ்வொரு முறையும் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டிலேயே மாத்திரை தருவதோடு, வலி நிவாரண மற்றும் ஆதரவு சிகிச்சைக்கான செவிலியரும் இயன்முறை சிகிச்சையாளரும் வீட்டுக்கு வருவதற்கு இடம் இருக்கிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவின் பெயரைப் பதிவு செய்யுங்கள். எங்கே கேட்பது என்று தெரியாவிட்டால் 104 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

பழைய சிகிச்சைக் குறிப்புகள் தொலைந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். மருத்துவ ஆவணங்களை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளில் இருக்கிறது. எல்லா இடத்திலும் கைவிரித்தால், மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு ஒரு மனு. அதற்கும் பதில் இல்லையென்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்து மக்கள் குறைதீர் கூட்டத்தில் ஒரு மனு. தகவல் உரிமைச் சட்டத்தின்கீழும் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். ஆனால் அதற்குப் பதில் வர முப்பது நாள் ஆகும், உங்கள் அம்மா முப்பது நாள் காத்திருக்கக் கூடாது. ஆகவே அதைப் பிறருக்காகச் செய்யும் வேலையாகத் தள்ளி வையுங்கள்.

இனி, உங்கள் இடுப்பு

நீங்கள் போட்டுக்கொள்ளும் ஊசியில் என்ன இருக்கிறது என்று எனக்குச் சொல்ல முடியாது. போடுபவரும் உங்களுக்குச் சொல்லவில்லை. இத்தகைய ஊசிகளில் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக்கும், அதோடு டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டும் இருப்பதை என்னிடம் வரும் நோயாளிகளின் சீட்டுகளிலும் காலிக் குப்பிகளிலும் பார்த்திருக்கிறேன். 'நரம்பு ஊசி' என்று தனியாகப் போடுவது பெரும்பாலும் பி வைட்டமின் ஊசி. குறைபாடு இல்லாதவருக்கு அது சிவப்புத் தண்ணீர். ஸ்டீராய்டு ஊசி போட்ட அன்று மாலையே உடம்பு இளகி, பசியெடுத்து, உற்சாகம் வரும். அதனால்தான் அதைப் 'பவர் ஊசி' என்று நம்பிவிடுகிறோம். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் முகம் உப்பும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும், எலும்பு பலவீனமாகும். ஓராண்டில் முகம் பருத்துவிட்டதாக நீங்களே ஒரு வரியில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அதை உடல் தேறியதன் அடையாளமாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் கவலை தருகிறது.

ஆகவே ஊசியை நிறுத்த வேண்டும், ஆனால் இன்றே நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் உடல் தானாகச் சுரப்பதைக் குறைத்துவிடும். திடீரென்று நிறுத்தினால் கடும் சோர்வு, வாந்தி, ரத்த அழுத்தச் சரிவு வரலாம், சில நேரம் உயிருக்கே ஆபத்தாகலாம். அரசு மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவில் இந்த ஆறு ஆண்டுக் கதையை மறைக்காமல் சொல்லி, அந்தக் காகித மாத்திரைகளையும் காட்டி, சர்க்கரை, ரத்த அழுத்தம், கிரியாட்டினின், காலை நேர கார்ட்டிசோல் (உடல் தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு) ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். எப்படிக் குறைப்பது என்று அவர்கள் திட்டமிட்டுத் தருவார்கள்.

அறுவை சிகிச்சையைப் பற்றி. முதுகுவலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்தால், நாற்பது வயதில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு டிஸ்க் புடைப்பு இருக்கிறது. தலைமுடி நரைப்பதைப்போல டிஸ்க்கும் வயதோடு மாறுகிறது. ஸ்கேனில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணம் ஆகிவிடாது. முழங்காலுக்குக் கீழே இறங்கும் கடும் வலி, கால் பலம் குறைதல், மரத்துப்போதல், சிறுநீர், மலக் கட்டுப்பாடு இழத்தல் ஆகியவை இருந்தால் பேச்சு வேறு. கடைசியாகச் சொன்னது அவசர அறுவை சிகிச்சைக்கே உரியது. உங்கள் கடிதத்தில் இவற்றில் எதுவும் இல்லை. நேரில் பரிசோதிக்காமல் முடிவு சொல்வது சரியல்ல என்றாலும், நகையை விற்கும் முன் அரசு மருத்துவமனையின் எலும்பு அல்லது நரம்பு அறுவைப் பிரிவில் இரண்டாவது கருத்து கேளுங்கள் என்று உறுதியாகச் சொல்வேன்.

'அப்படியானால் எனக்கும் மார்ஃபின் தரலாமே' என்று உங்களுக்குத் தோன்றலாம். கூடாது. அமெரிக்காவில் முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் ஆக்ஸிகோடோன் போன்ற மாத்திரைகளைத் தாராளமாக எழுதித் தள்ளியதன் விளைவை அந்த நாடு இன்னும் அனுபவிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்புவலிக்கென வெளியிட்ட வழிகாட்டுதல் ஓபியாய்டு மாத்திரைகளை வேண்டாம் என்கிறது. நீங்கள் 1,800 ரூபாய் கொடுத்து வாங்கிய இடுப்பு பெல்ட்டையும், எடை கட்டி இழுக்கும் சிகிச்சையையும்கூட வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது. பரிந்துரைப்பவை பார்வைக்கு எளியவை: வலியைப் பற்றிய தெளிவு, உடற்பயிற்சி, தேவைப்பட்டால் மனநல ஆதரவு, குறுகிய காலத்துக்கு வலி மாத்திரை. எளியவை என்பதால்தான் அவற்றில் யாருக்கும் நம்பிக்கை வருவதில்லை. ஊசி இல்லாமல் அனுப்பினால், 'டாக்டர் ஒன்றுமே செய்யவில்லை' என்று வீட்டில் போய்ச் சொல்கிறவர்கள் என் நோயாளிகளிலும் உண்டு.

பன்னிரண்டு மணி நேரம் தறியில் நிற்பவருக்கு எதற்குத் தனியாக உடற்பயிற்சி என்று கேட்பீர்கள். ஒரே இடத்தில் நின்று, ஒரே பக்கம் குனிந்து இழை முடிவது உழைப்பு; அது உடற்பயிற்சி ஆகாது. மாவட்ட மருத்துவமனையின் இயன்முறை சிகிச்சைப் பிரிவில் இரண்டு மூன்று முறை போய்ப் பயிற்சிகளைக் கற்றுக்கொண்டால் வீட்டிலேயே தொடரலாம். முதல் மூன்று வாரம் வலி சற்றுக் கூடியதுபோல் இருக்கும். அது சேதம் ஆகாது. தறிக்கூடத்தில் ஒரு காலை மாற்றி மாற்றி வைக்க அரையடி உயரத்தில் ஒரு செங்கல், மணிக்கொருமுறை இரண்டு நிமிடம் நடை, பாவு உருளையைத் தனியாகத் தூக்காமல் இரண்டு பேராகத் தூக்குவது. இவற்றுக்கு முதலாளியின் அனுமதி வேண்டியிருக்கலாம். இஎஸ்ஐ அட்டை இருந்தால் அதன் மருத்துவமனையில் காட்டுங்கள். தகுதி இருந்தால் ஓய்வு நாட்களுக்குப் பணப் பலனும் கிடைக்கும். ஆனால் வாரக்கணக்கில் படுத்துக் கிடக்காதீர்கள், அது இடுப்பை இன்னும் இறுக்கும். மூன்று மாதத்தில் வலி பூச்சியமாகும் என்று நான் சொல்லமாட்டேன். பாதியாகக் குறைந்து, இரவில் தூங்கி, ஊசி இல்லாமல் ஷிப்ட் முடிக்க முடிந்தால் அது வெற்றி.

அம்மாவிடம் சொல்லாத விஷயம்

நோய் பரவியதை அம்மாவிடம் சொல்லவில்லை, 'வாயுப் பிடிப்பு' என்று சொல்லியிருக்கிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அன்பினால்தான் மறைத்தீர்கள். ஆனால் இரவு இரண்டு மணிக்குச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பவருக்கு அது வாயுப் பிடிப்பு இல்லை என்பது தெரிந்திருக்கவே வாய்ப்பு அதிகம். நீங்கள் வருந்துவீர்கள் என்று அவரும் 'ஒன்றுமில்லை' என்கிறார். இப்படி இருவரும் ஒருவரிடமிருந்து ஒருவர் மறைக்கிறீர்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டியதில்லை. 'உடம்பைப் பற்றி உனக்கு என்ன தோன்றுகிறது அம்மா?' என்று ஒருநாள் கேளுங்கள், பிறகு அவர் எவ்வளவு கேட்கிறாரோ அவ்வளவு சொல்லுங்கள். நீங்களே சொல்லத் தயங்கினால், வலி நிவாரணப் பிரிவின் மருத்துவரோ செவிலியரோ உடன் இருந்து உதவுவார்கள். வலியைப் பற்றி அவரே வாய் திறந்து பேசினால்தான் மார்ஃபின் அளவையும் சரியாக அமைக்க முடியும்.

மருத்துவமனைக்குப் போகும் முன் ஒரு வாரம், ஒரு பள்ளி நோட்டில் அம்மா ஒவ்வொரு இரவும் எத்தனை மணிக்கு எழுந்தார், எங்கே வலித்தது, பத்துக்கு எத்தனை என்று சொன்னார், எந்த மாத்திரை எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்று குறித்துவையுங்கள். உங்கள் பன்னிரண்டு வயது மகளிடம் எழுதச் சொன்னாலும் போதும். நெரிசலான ஓ.பி.யில் மருத்துவருக்கு உங்களுக்காகக் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் அந்த ஒரு பக்கத்தைப் படித்துவிடுவார். நோட்டின் கடைசிப் பக்கத்தில் உங்கள் ஊசிகளின் தேதிகளையும் எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்கே உங்களுக்கும் ஓர் ஓ.பி. சீட்டு போட்டுவிடுங்கள்.